வகிடு எடுத்த புல்வெளி

வணக்கம். கடல் பசுவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாக் விரிகுடாக் கரையில் பல வருடம் அலைந்தும் உயிரோடு ஓர் ஆவுளியாவை நான் பார்த்தது இரண்டே முறை. ஆமாம், கடல் பசுவுக்கு மீனவர் வைத்த பேர் ஆவுளியா. பார்த்ததும் மூக்கும் முதுகும்தான்.

அப்புறம் எதை வைத்து ஆராய்ச்சி என்பீர்கள். தடத்தை வைத்து. ஆவுளியா கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். மேய்ந்துபோன இடத்தில், தலையில் வகிடு எடுத்த மாதிரி, வெறும் மண் கோடு நீளமாகக் கிடக்கும்.

அந்தக் கோட்டை எனக்குக் காட்டித் தந்தவர்கள் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கத்து மீனவர்கள். புல் எங்கே தழைத்திருக்கிறது என்பது நண்டு வலை போடுகிறவருக்கு அத்துபடி. நண்டும் இறாலும் மீன்குஞ்சும் அங்கேதானே ஒதுங்கும்? ஆவுளியாவும் அங்கேதான் வரும். சிக்கலும் அங்கேதான்.

இது மீன் இல்லை, யானைக்குத் தூரத்துச் சொந்தம். சில நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலை சுற்றிக்கொண்டால் கடலிலேயே மூழ்கிச் செத்துவிடும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே 3 முதல் 7 வருடம் ஆவதால், செத்த ஒன்றின் இடம் லேசில் நிரம்பாது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழக அரசு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். சரி, ரொம்ப நல்லது. ஆனால் விடியற்காலையில் வலை கனக்கிறபோது அங்கே அதிகாரியும் இல்லை, நானும் இல்லை. வலையை அறுத்தால் ஆவுளியா பிழைக்கும், வலைக்குப் போட்ட முதல் போய்விடும். நிதானமாகச் சிக்கெடுத்தால் வலை தப்பும், அதற்குள் அதன் மூச்சு அடங்கிவிடலாம். ஒரு காலத்தில் கறிக்காகவே பிடித்த கரை இது. இன்று அறுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறது. வலை விலையைக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்பது என் கட்சி.

அப்படி அறுத்துவிட்ட ஒரு பெரியவரிடம் காரணம் கேட்டேன். "மூச்சு வாங்குற சத்தம் காதுல விழுந்துருச்சு தம்பி. அப்புறம் என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார். மறுநாள் மருமகனிடம் வலை இரவல் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார்.