குழலைக் கீழே இறக்கிய ரிவால்வர்: கியாப்பா ரைனோ

[திரையில்: பக்கவாட்டில் வைத்த இரண்டு ரிவால்வர்கள். ஒன்றின் குழல் உருளையின் மேல் ஓரத்தில், மற்றதன் குழல் கீழ் ஓரத்தில்.]

இந்த இரண்டையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடது பக்கம் இருப்பது நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய ரிவால்வர். 1836இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அநேகமாக எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன, தோட்டாக்களை அறை அறையாக வைத்துச் சுழலும் உருளையில், உச்சியில் நிற்கும் அறையிலிருந்துதான் குண்டு கிளம்பும். வலது பக்கம் இருப்பது இத்தாலியின் கியாப்பா நிறுவனம் செய்யும் ரைனோ. இதில் சுடுவது அடியில் நிற்கும் அறை. அதனால் குழலும் கீழே இறங்கிவிட்டது. பார்க்க லட்சணமாக இல்லைதான். ஆனால் அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதற்காக இந்தத் துப்பாக்கி எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

[திரையில்: குழலின் நேர்கோட்டில் பின்னோக்கி ஒரு சிவப்பு அம்பு. கைப்பிடியில் ஒரு புள்ளி.]

குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், இது தெரிந்த விஷயம். அந்த உதை வருவது குழலின் நேர்கோட்டில். நம் கை பிடித்திருப்பதோ அதற்குக் கீழே. இடையில் இருக்கும் உயரம்தான் குழலின் வாயை மேலே தூக்கிவிடுகிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் அசையாது, கைப்பிடி பக்கம் தள்ளினால் சட்டென்று திறந்துகொள்ளும் இல்லையா, அதே கணக்கு: உயரம் கூடக்கூட அதே உதை இன்னும் பலமாகத் திருப்பும். ரைனோவில் குழல் ஏறக்குறைய கையின் மட்டத்துக்கே வந்துவிடுவதால் வாய் அவ்வளவு எகிறாது, அடுத்த குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ரைனோ பின்னுதைப்பைக் குறைப்பதில்லை. அதே தோட்டா, அதே எடை என்றால் உதையும் அதேதான், திசை மட்டும் மாறுகிறது. மேலே தூக்குவதற்குப் போன விசை இப்போது நேராக உள்ளங்கையில் வந்து இடிக்கும். இரண்டு அங்குலக் குழல் உள்ள சின்ன ரைனோவின் சட்டகம் அலுமினியக் கலவை, மொத்த எடையே சுமார் 700 கிராம். அதில் .357 மேக்னம் என்ற பலமான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் வாய் எகிறாது, சரி, ஆனால் உள்ளங்கை நன்றாகவே வாங்கிக்கொள்ளும்.

[திரையில்: மட்டேபா யூனிக்கா 6, பிறகு ரைனோ.]

இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் எமிலியோ கிசோனி. மட்டேபா ரிவால்வர்களை வடிவமைத்தவர், கீழ்க் குழல் என்ற எண்ணத்தைப் பல வருடங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். அவருடைய யூனிக்கா 6 இதைவிட விசித்திரம்: சுட்டதும் குழலும் உருளையும் சேர்ந்து பின்னால் சறுக்கும், அந்த உதையே உருளையைச் சுழற்றி அடுத்த அறையைக் கொண்டுவந்து, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஹாமரையும் இழுத்து வைத்துவிடும். 2008இல் கிசோனி இறந்துவிட்டார். ரைனோ விற்பனைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

[திரையில்: பக்கத் தகடு கழற்றிய ரைனோ, உள்பாகங்கள்.]

விட்டுக்கொடுத்தது என்ன என்பது இங்கேதான் தெரியும். வழக்கமான ரிவால்வரில் ஹாமர் மேலே இருக்கிறது, உச்சி அறையை நேராக அடிக்கிறது, வேலை முடிந்தது. ரைனோவில் அடிக்க வேண்டிய அறை கீழே இருப்பதால் உண்மையான ஹாமர் சட்டகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே ஹாமர் மாதிரி தெரிகிறதே, அது வெறும் நெம்புகோல். அதைப் பின்னால் இழுத்தால் உள்ளே ஹாமர் தயாராகும், நெம்புகோல் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அப்புறம் துப்பாக்கி தயாராக இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் பின்பக்கம் இருக்கும் பின் குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு ஊசி மேலே எட்டிப் பார்க்கும். அது ஒன்றுதான் அடையாளம், கவனிக்காமல் விட்டால் ஆபத்து. இதற்கெல்லாம் உள்ளே கூடுதல் நெம்புகளும் வில்களும் வேண்டும், பழைய ரிவால்வர்களில் கைதேர்ந்த பழுதுபார்ப்பவர்கூட இதைத் திறந்தால் கொஞ்ச நேரம் நின்று யோசிப்பார். எளிமைக்காகவே ரிவால்வர் வாங்குகிறவருக்கு இது பெரிய குறை என்றே நான் சொல்வேன்.

கையை வைக்கும் இடமும் முக்கியம். எந்த ரிவால்வரிலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், சுடும்போது சூடான வாயு அதன் வழியே பக்கவாட்டில் பீய்ச்சும். ரைனோவில் அந்த இடைவெளி தாழ்வாக, தாங்கிப் பிடிக்கும் கைக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. உருளை இல்லாத பிஸ்டலைப் பிடிக்கும் பழக்கத்தில் கட்டைவிரலை முன்னால் நீட்டி வைத்தால் விரல் பொசுங்கும், கிழியவும் செய்யும்.

[திரையில்: குறிக்கோடும் குண்டின் பாதையும்.]

குறி பார்க்கும் கோடு குழலுக்கு வெகு மேலே போகிறது. தூரத்து இலக்குக்குச் சரிசெய்து வைத்த துப்பாக்கியால் நாலடி தூரத்தில் சுட்டால், அந்த உயரம் அளவுக்குக் குண்டு தாழ்ந்து விழும். பழகினால் சரியாகிவிடும். உருளையின் பக்கங்களை அறுகோணமாகத் தட்டையாக்கியிருப்பது நல்ல வேலை, இடுப்பில் அவ்வளவாகப் புடைக்காது, ஆனால் மற்ற ரிவால்வர்களின் உறையில் இது அடங்காது, தனி உறைதான் வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் கிசோனியின் யோசனை ஜெயிப்பது ஆறு அங்குல ரைனோவில்தான். கூடுதல் எடை உதையைத் தாங்கிக்கொள்கிறது, தாழ்ந்த குழல் வாயை அடக்குகிறது, வேகமாக ஆறு குண்டு சுடும் இலக்குப் போட்டிக்கு அது அருமையான துப்பாக்கி. இரண்டு அங்குலத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பலம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையே போடுங்கள், அதே அறையில் அதுவும் உட்காரும், உள்ளங்கையும் தாங்கும்.