ஓட்டு வீட்டு மேல் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை இறக்கியாச்சு, எடை மேடை ரசீதும் கையில் இருக்கு!

வணக்கம் மக்களே. எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ரசீதைப் பாருங்கள். கேமரா கிட்டே கொண்டு வருகிறேன். மங்கலாகத்தான் தெரியும், எடை மேடை மெஷினில் மை தீர்ந்துபோச்சு போல. 6,840 கிலோ. இதை லேமினேட் செய்து மாட்டப் போகிறேன் என்றதற்கு அத்தை சிரித்துக்கொண்டே இருக்கிறார். சிரிக்கட்டும். இந்தத் துண்டுத் தாளுக்குப் பின்னால் 7,416 ரூபாய் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் மரம்.

நாட்டு ஓடு மாற்றிய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு மன்னார்குடிப் பக்கம் இருக்கிற அத்தை வீடு தெரியும். அதிலேயே பாதிப் பேர், "ஓட்டை விடுங்க அக்கா, மேலே நிற்கிற மரத்தைப் பாருங்க" என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தூங்குமூஞ்சிதான். தாத்தா வைத்தது. அறுபது அடி உயரம் இருக்கும், ஆனால் உயரம் ஒரு தொல்லையே இல்லை. தூங்குமூஞ்சி மேலே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் போகும். இரண்டு பெரிய கிளைகள் கிட்டத்தட்ட படுத்தவாக்கில் ஓட்டுக்கு மேலேயே நீண்டிருந்தன. அடியில் ஒவ்வொன்றும் என் இடுப்பளவு கனம்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இந்தப் பக்கம் தென்னந்தோப்புகள் என்ன கதியானது என்று உங்களுக்கே தெரியும். இந்த மரம் ஒரு கிளையை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது. அன்றிலிருந்து அத்தைக்கு அது குலதெய்வம். ஆனால் கிளை பிய்ந்தபோது பட்டையும் சேர்ந்து கிழிந்து இறங்கியது, அந்தக் காயம் மூடவே இல்லை. வருஷா வருஷம் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியது. இந்த வருஷம் தரையை ஒட்டி அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வந்துவிட்டது. மேலே செம்பழுப்பு, வார்னிஷ் அடித்ததுபோல் பளபளப்பு, ஓரத்தில் மட்டும் வெள்ளை. தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதைப் பார்த்ததும் வயிறு கலங்கும். தஞ்சாவூர் வாடல் நோய் வந்த தென்னையின் அடியில் வருமே, அதே கேனோடெர்மா வகைதான். காளான் வெளியே தலை காட்டுகிறது என்றால் உள்ளே வெகுநாளாக வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

"மரத்தை வெட்டுகிறாயே, பாவம்" என்று எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அடியில் சொத்தை, தலையில் முழுப் பாரம், கீழே அத்தை தூங்குகிற அறை. ஐப்பசி மழையில் மண் ஊறி, அதன் மேல் ஒரு காற்றும் அடித்தால் என்ன ஆகும்? அடைமழைக்கு முன்னால் முடித்தே ஆக வேண்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் விவாதம் இல்லை.

அனுமதி விஷயம், சுருக்கமாக. இது பட்டா நிலத்தில், வீட்டுக் கொல்லையில் நின்ற மரம். உங்கள் வீட்டு வாசலில் தெருவோரமாக, அரசு இடத்தில் நிற்கிற மரம் என்றால் கை வைக்காதீர்கள், அதற்கு மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேண்டும். பனைமரம் என்றால் சொந்த நிலமாக இருந்தாலும் கலெக்டர் அனுமதி வாங்கணும், 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். எதுவானாலும் விஏஓவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்போது ஆட்கள். முதலில் வந்தவர் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "18,000 கொடுங்க, ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடுறேன்" என்றார். கயிறு எங்கே என்றேன். "கயிறு எதுக்கு, வெட்டுனா விழுந்துட்டுப் போகுது." எங்கே விழும்? ஓட்டு மேல்தான் விழும்! கையில் செயின் சா, காலில் ஹவாய் செருப்பு, சாய்ப்பதற்கு ஒரு மூங்கில் ஏணி. ஏணியில் நின்று செயின் சா ஓட்டுகிற ரீல்ஸ் எல்லாம் எனக்கு அனுப்புகிறீர்களே, தயவுசெய்து அனுப்பாதீர்கள், எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. வெட்டின கிளை ஆடி வந்து முதலில் தட்டிவிடுவது ஏணியைத்தான்.

அடுத்தவர் ஹைட்ரா கிரேன் வைத்துத் தூக்கலாம் என்றார், 70,000. நல்ல யோசனைதான். அடி அழுகின மரத்தில் ஆளை ஏற்றாமல் கிரேன் வைப்பதுதான் உத்தமம். ஆனால் எங்கள் சந்து ஏழு அடி, அதில் ஹைட்ரா நுழையாது. அவரே நடந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வந்த மேஸ்திரி அண்ணன்தான் வேலையை முடித்தவர். 42,000 சொன்னார். அவர் வந்ததும் விலை பேசவில்லை. சுத்தியலை எடுத்து அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு பக்கம் "டக் டக்" என்று கெட்டிச் சத்தம், காளான் பக்கம் "பொத் பொத்" என்று தொளதொளத்த சத்தம். பிறகு மெல்லிய பிட் போட்டு டிரில்லில் அங்கங்கே துளைத்தார். வந்த தூளை உள்ளங்கையில் ஏந்தி எனக்குக் காட்டினார். முதலில் வெளிர் நிறத்தில் சுருள் சுருளாக வந்தது, அது நல்ல மரம். கொஞ்ச ஆழம் போனதும் பிட் சொத்தென்று உள்ளே இறங்கியது, ஈரமாகக் கறுப்புத் தூள், புளித்த வாடை. "ஆரத்துல மூணுல ஒரு பங்காவது சுத்தி நல்ல மரம் இருக்கணும் தங்கச்சி, அதுக்குக் கீழ போனா ஏற மாட்டேன்" என்றார். ஒரு பக்கம் மட்டும்தான் மோசம், மற்ற பக்கங்களில் அந்த அளவு நல்ல மரம் இருந்தது. அப்படியும் அவர் நம்பவில்லை. வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற இரண்டு புளியமரங்களுக்குத் தடிமனான வடம் இழுத்துக் கட்டிய பிறகுதான் ஆளை ஏற்றினார். எனக்கு அந்த இடத்திலேயே மனசு நிறைந்துவிட்டது. 42,000 என்பது வெட்டுவதற்கான கூலி இல்லை, இந்தச் சந்தேகத்துக்கான கூலி.

ஆங், ஒன்று விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் முன்னால் போஸ்டில் இருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயர். லைன்மேன் வந்து அதைக் கழற்றிச் சுருட்டி வைத்தபிறகுதான் முதல் வெட்டு. மின்கம்பி பக்கத்தில் பச்சைக் கிளை, ஈரக் கயிறு இரண்டுமே எமன்.

ஏறினவர் ஒல்லியான தம்பி. பேசவே மாட்டார், எனக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும். இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ். மேலே கவட்டையில் ஒரு கயிறு, இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி இன்னொரு கயிறு. ஒன்றைக் கழற்றி மாற்றும்போது மற்றது மாட்டியே இருக்கும், மெஷினை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டும் மாட்டியிருக்கும். இடுப்பைச் சுற்றின கயிற்றுக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது, வாள் தவறிப் பட்டாலும் ஒரே வெட்டில் அறுந்துவிடக் கூடாது என்று. பூட்ஸில் முள் மாட்டி ஏறினார். அந்த முள் மரத்தைக் குத்திக் காயமாக்கும், அதனால் வெட்டி எடுக்கிற மரத்துக்கு மட்டும்தான் அது. கவாத்து செய்ய வருகிறவர் முள் மாட்டி ஏறினால் இறங்கச் சொல்லுங்கள்.

தென்னை ஏறுகிறவரைக் கூப்பிட்டால் போதாதா என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். தென்னைக்குத் தளை போட்டு நேராக ஏறி நேராக இறங்கலாம். இதில் பக்கவாட்டில் நடக்க வேண்டும், நடக்கிற கிளையையே வெட்டவும் வேண்டும். அது வேறு தொழில்.

ஆனால் மக்களே, மொத்த வேலையின் ஹீரோ மேலே இருந்தவர் இல்லை. கீழே கயிறு பிடித்த பெரியவர். கேமராவை மேலேயே வைத்திருந்ததால் வீடியோவில் அவர் கொஞ்சம்தான் வருகிறார். மரத்தின் அடியில் இரும்புக் குழாயில் வெல்டிங் செய்த ஒரு முளையை பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள், லேத் பட்டறையில் அவர்களே செய்துகொண்டதாம். கிளையைக் கட்டின கயிறு மேலே கவட்டை வழியாக வந்து அந்த முளையில் மூன்று சுற்றுச் சுற்றும். அதன் நுனிதான் பெரியவர் கையில், தோல் கையுறையோடு.

கணக்குப் பாருங்கள். இரண்டடி விட்டம், மூன்றடி நீளத்தில் ஒரு பச்சைத் துண்டு இருநூறு கிலோ வரும். அதைச் சட்டென்று பிடித்து நிறுத்தினால் கயிற்றில் விழுகிற இழுப்பு அதன் எடையைப் போலப் பல மடங்கு. கயிறு அறுந்தால்கூடப் பரவாயில்லை, மரமே குலுங்கும், அந்த மரத்தில்தான் தம்பி உட்கார்ந்திருக்கிறார். அதனால் பெரியவர் பிடிக்க மாட்டார், ஓட விடுவார். ஓடவிட்டு, கையை மெல்ல இறுக்கி, தரைக்கு ஆளுயரம் இருக்கும்போது நிறுத்துவார். ஒவ்வொரு துண்டுக்கும் முளையிலிருந்து லேசாகப் புகை வாடை வரும். சுற்று ஒன்று கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்பதைத் துண்டின் தடிமனைப் பார்த்தே முடிவு செய்தார். நான் ஏதோ கேட்கப் போனேன், "அப்புறம் பேசும்மா" என்று ஒரே வார்த்தை.

ஓட்டுக்கு மேலே இருந்த அந்த இரண்டு கிளைகளுக்கும் நுனியில் ஒரு கயிறு, அடியில் ஒரு கயிறு. ஒன்று மட்டும் கட்டினால் மறுமுனை ஊஞ்சலாடி ஓட்டைப் பெயர்த்துவிடும். வெட்டும்போது முதலில் கிளையின் கீழ்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம், பிறகு மேலிருந்து. மேலிருந்து மட்டும் வெட்டினால் கிளை பாதியில் மடங்கி, பட்டையை உரித்துக்கொண்டே இறங்கும். கஜாவில் காற்று செய்தது அதைத்தான்.

நடுவில் முசுறு எறும்பு. கிளையில் இலைகளை ஒட்டி அவ்வளவு பெரிய கூடு, கீழே இருந்து யாருக்கும் தெரியவில்லை. தம்பி கழுத்துக்குள் புகுந்துவிட்டது. மெஷினை அணைத்து, கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு, அதன் பிறகுதான் சட்டையை உதறினார்! அந்தக் கடியிலும் அந்த வரிசை தப்பவில்லை. நானாக இருந்தால் ஊரே கேட்கிற மாதிரிக் கத்தியிருப்பேன்.

ஒரு ஓடுகூட உடையவில்லை என்று ஷார்ட்ஸில் போட்டிருந்தேன். திருத்தம்: ஒன்று உடைந்தது. கிளை பட்டு இல்லை, கயிற்றின் வால் வீசிப் பட்டு. நாட்டு ஓடு இப்போது புதிதாகக் கிடைப்பதே அபூர்வம், இடித்த வீடுகளில் தேடி வாங்கணும் என்று அந்த வீடியோவில் புலம்பினேனே, அப்போது மிச்சம் வைத்ததில் ஒன்றை எடுத்துச் சொருகியாச்சு.

கடைசியில் நின்ற பன்னிரண்டு அடி அடிமரத்தைச் சாய்ப்பதற்கு, விழவேண்டிய பக்கம் திறந்த வாய் மாதிரி ஆப்பு வடிவில் வெட்டி, பின்னால் கொஞ்சம் உயரத்தில் அறுத்து, நடுவில் ஒரு பட்டை மரத்தை விட்டுவிட வேண்டும். கதவுக் கீல் வேலையைச் செய்வது அதுதான். இதில் கீல் வரவேண்டிய இடமே ஒரு பக்கம் சொத்தை, அதனால் வின்ச் கட்டிப் புளியமரப் பக்கமாக இழுத்துத்தான் சாய்த்தார்கள். தெருவில் எல்லோரையும் தள்ளி நிறுத்தியாச்சு. தழைக்கு ஆடு வைத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள், சாயங்காலத்துக்குள் ஒரு இலை மிச்சமில்லை.

இப்போது ரசீது! விறகு வியாபாரி ஒருவர் வந்தார். கட்டைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மொத்தமா 9,000 தர்றேன்மா, தூங்குமூஞ்சிக்கு இதுவே அதிகம்" என்றார். கண் மதிப்பாம். எனக்குக் கண் மதிப்பு என்றாலே அலர்ஜி, காய்கறி வாங்குகிற வீடியோக்களிலேயே தெரிந்திருக்கும். டன் என்ன விலை என்றேன். இழுத்து இழுத்து 2,400 என்றார். சரி, எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எதுக்கும்மா அலைச்சல்" என்றார். அலைச்சல் எனக்குத்தானே! டாடா ஏஸில் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நடை நடையாகக் கொண்டுபோய் லாரியில் ஏற்றினோம். இல்லை இல்லை, அதற்கு முன்னால் வெறும் லாரியை எடை போட்டோம், அதுதான் முக்கியம். வெறும் வண்டி எடைக்கு டிரைவரும் கிளீனரும் ஏறி உட்கார்ந்தார்கள். வெறும் எடை கூடினால் கட்டை எடை குறையுமே. இருவரையும் இறக்கிவிட்டு மறுபடியும் போடச் சொன்னேன். எடை மேடைக்காரர் என்னையும் வியாபாரியையும் மாறி மாறிப் பார்த்தார். பாரம் ஏற்றின பிறகும் அதே மாதிரி, வண்டியில் ஆள் யாரும் இல்லாமல். 6,840 கிலோ, 2,400 வீதம் 16,416 ரூபாய். 9,000 எங்கே, இது எங்கே! 7,416 ரூபாய் அதிகம். எடைக்கூலி 100 ரூபாய்கூட அவர்தான் கொடுத்தார். அத்தை மட்டும், "பாவம், டீயாவது வாங்கிக் குடுத்தியா பாப்பா" என்கிறார். வாங்கிக் கொடுத்தேன், பிஸ்கட்டோடு.

மிச்சம் இருப்பது தரையோடு இருக்கிற அடிக்கட்டை. ஜேசிபி வராது, அது அங்கேயே மக்கட்டும். சண்டை என்னவென்றால், அந்த இடத்தில் அத்தை தென்னங்கன்று வைக்கணும் என்கிறார். அந்தக் காளான் வேரில் அப்படியே இருக்கும், தென்னைக்குத் தொற்றும் என்று மேஸ்திரி அண்ணனும் சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன். கன்றுக்கு முன்பணம் கொடுத்தாச்சாம். நாளைக்கு நர்சரிக்குப் போய் அதை மாற்றி வேறு என்ன வாங்கலாம் என்று பார்க்கப் போகிறேன், முன்பணம் திரும்ப வருமா என்பதை அங்கிருந்தே லைவில் சொல்கிறேன்.