மறுத்ததால் பருத்த கோப்பு

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, மழையிலும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெருமக்களே, சால்வை போர்த்திய நூலகர் அம்மா அவர்களே! சால்வை வேண்டாம், அந்தக் காசுக்கு நாலு அட்டைக் கோப்பு வாங்கித் தாருங்கள் என்று போன கூட்டத்திலேயே கேட்டேன். போகட்டும், நன்றி.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த அயர்லாந்துப் புரட்சியில் வெளியே பெயர் தெரியாதவர்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: சாட்சியங்கள், ஓய்வூதியக் கோப்புகள், 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்த ஆவணக் காப்பகம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது மூன்றுக்கும் பொருந்தும்.

1947இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் அயர்லாந்து அரசின் ராணுவ வரலாற்றுப் பணியகம் புரட்சியில் பங்கெடுத்தவர்களிடம் 1,773 வாக்குமூலங்களை வாங்கியது. 1959இல் அவற்றை 83 இரும்புப் பெட்டிகளில் வைத்துப் பூட்டினார்கள். 2003இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அது இருக்கட்டும், ஓய்வூதியக் கோப்புக்கு வருகிறேன்.

மார்கரெட் ஸ்கின்னிடர் என்று ஒரு கணக்கு ஆசிரியை. கிளாஸ்கோவில் பாடம் நடத்தியவர், தொப்பிக்குள் வெடிகுண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்களை ஒளித்துக்கொண்டு டப்ளினுக்குக் கப்பலேறினார். கணக்கு டீச்சரின் தொப்பியை யார் சோதிப்பார்கள்! (சிரிப்பு) 1916இல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் ஆயுத எழுச்சியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் அணியில் நின்று குறிபார்த்துச் சுட்டார். ஹார்கோர்ட் தெருவில் மூன்று குண்டுகளை வாங்கி விழுந்தார். 1925இல், விடுதலை பெற்ற அயர்லாந்தின் அரசிடம் காயத்துக்கான ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். பதில் என்ன தெரியுமா? சட்டத்தில் 'படைவீரர்' என்றால் பொதுவாக ஆண்பாலாம்! அந்தச் சட்ட ஆலோசகர் நம் நன்னூலைப் படித்திருந்தால், 'வீரர்' பலர்பால் என்றாவது தெரிந்திருக்கும். (கைதட்டல்) அம்மையார் விடவில்லை. 1938இல் ஓய்வூதியம் கிடைத்தது.

இப்போது கவனியுங்கள். கேட்டவுடன் கொடுத்திருந்தால் அந்தக் கோப்பில் இரண்டு தாள் இருந்திருக்கும். மறுத்ததால்தான் எங்கே நின்றேன், யார் கட்டளையிட்டார், யார் பார்த்தார் என்று எழுதவேண்டி வந்தது, கோப்பு பருத்தது. வீரத்துக்குச் சான்று தேடி எழுதியதல்ல, காசு கேட்டு எழுதியது. ஆனால் சிலையில் இல்லாத விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. சிறு துரும்பு!

ஆகவே நான் வீடு வீடாகக் கேட்பதையே இங்கும் கேட்கிறேன். பரணில் இருக்கும் தகரப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள். தாத்தாவின் மனு, பாட்டியின் மணியார்டர் ரசீது, நிராகரித்து வந்த கடிதம் எதுவானாலும் ஞாயிறு காலை நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

தலைவர் 'நேரம்' என்று எழுதிய துண்டுச் சீட்டை நீட்டுகிறார். மூன்றாவது செய்தி அடுத்த கூட்டத்தில். இந்தச் சீட்டை நான் என் பையில் வைத்துக்கொள்கிறேன், ஐயா.