நாத்த ஒரு தடவ தான் பிடுங்கி நடணும்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு மைக் கேக்குதா? சரி.

ஹோசே ஹெர்னாண்டஸ்னு ஒருத்தர், 2009ல டிஸ்கவரி ஷட்டில்ல விண்வெளிக்கு போயிட்டு வந்தவர். நாசா அவர 11 தடவ ரிஜக்ட் பண்ணி 12வது தடவ எடுத்துச்சு, மோட்டிவேஷன் பேசுறவங்க இத மட்டும் சொல்லி கைதட்டு வாங்கிட்டு போயிடுவாங்க, எனக்கென்னமோ அவங்க அப்பா அம்மா கதை தான் பெருசா படுது.

அப்பா மூணாங்கிளாஸ் வரைக்கும் தான். சொந்த ஊரு மெக்சிகோவுல மிச்சோவகான் பக்கம். வருஷா வருஷம் குடும்பத்தோட கார்ல கலிஃபோர்னியா வருவாங்க, தெக்க ஸ்ட்ராபெர்ரில ஆரம்பிச்சு, எங்க வெள்ளாமை முத்துதோ அங்கன்னு அப்படியே வடக்க சலினாஸ், ஸ்டாக்டன்னு போய், வெள்ளரிக்கா, தக்காளி எல்லாம் பறிச்சு முடிச்சு குளிருக்கு திரும்ப ஊருக்கு. பிள்ளைங்களுக்கு ஊருக்கு ஒரு ஸ்கூல். ஹோசேவுக்கு இங்கிலீஷ் சரளமா வரவே 12 வயசு ஆயிடுச்சாம். சீசர் சாவேஸ் தெரியும்ல, விவசாயக் கூலிகளுக்கு சங்கம் கட்டினவர், அவரும் இப்படித்தான், முப்பதுக்கு மேல ஸ்கூல் மாறி எட்டாங்கிளாஸோட நிறுத்திட்டு காட்டு வேலைக்கு போயிட்டார்.

ஹோசே ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது டீச்சர் நேரா வீட்டுக்கே வந்துட்டாங்க. செடிய நட்டு, வேர் பிடிக்கிறதுக்குள்ள பிடுங்கி வேற எடத்துல, அங்கேர்ந்து இன்னொரு எடத்துலன்னு நட்டுகிட்டே இருந்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. மண்ணுலயே கெடக்குற மனுஷனுக்கு இதுக்கு மேல வெளக்கம் வேணுமா? குடும்பம் ஸ்டாக்டன்லயே தங்கிடுச்சு. சொல்றது ஈசி, ஆனா ஊர் ஊரா போனா கெடைக்குற அறுவடைக் கூலிய வேணாம்னு விடணும்ல, அத யாரும் கணக்குல எடுக்கிறதில்ல.

பசங்களுக்கு காட்டு வேலை அதுக்காக நின்னுடல. சனி ஞாயிறு, லீவு நாள்னா மொத்த குடும்பமும் வயல்ல தான். சாயங்காலம் நாலு பிள்ளைங்களும் வேர்வையும் புழுதியுமா பின் சீட்டுல வந்து விழுவாங்க. அப்பா திரும்பிப் பாத்து, இப்ப எப்படி இருக்குன்னு கேப்பாராம், படிக்கலேன்னா இது தான் உங்க வாழ்க்கை, இந்த அலுப்ப மறக்காதீங்கம்பாராம்.

அப்புறம் தான் கார ஸ்டார்ட் பண்ணுவார்.