மாதம் இல்லாத வீடுகளின் கணக்கு

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

வீட்டு வரவுசெலவைக் கவனிக்கும் முறைகள் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பது வருடம் உயர்தர வகுப்புகளுக்குக் கணக்கீடு கற்பித்தவன் நான். பேரேடு, பரீட்சை மீதி, ஐந்தொகை எல்லாவற்றையும் கரும்பலகையில் பிசகாமல் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக் கணக்கை நடத்துவது சமையலறைத் தட்டில் இருக்கும் மூன்று பால்மாப் பேணிகள். அவற்றின் நிதியமைச்சர் என் மனைவி.

திருமணமான புதிதில் ஒருமுறை நான் போட்டிக்கு இறங்கினேன். தடித்த கொப்பி ஒன்று வாங்கி, ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலையும் இரண்டு கணக்குகளில் பதியும் இரட்டைப் பதிவு முறையில் எழுதத் தொடங்கினேன். வெனிஸ் வணிகர்கள் கையாண்டுவந்த முறை அது. லூக்கா பசியோலி என்ற துறவி 1494இல் அதை விளக்கி அச்சேற்றினார். வணிகர்களுக்கு அது எவ்வளவோ உதவியிருக்கிறது. எனக்கோ, டிசம்பர் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் பெரிய கணக்காக நின்றது ‘இதர செலவு’. எங்கே போனது என்று தெரியாத பணத்துக்கெல்லாம் நானே சூட்டிய கௌரவமான பெயர் அது. மனைவி கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். “இதில் தேங்காய் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கொப்பி பிள்ளைகளுக்குப் படம் வரையப் பயன்பட்டது.

ஆனால் நான் உண்மையில் பாடம் படித்தது ஓய்வுபெற்ற பிறகுதான். ஒரு மாதர் சங்கத்தில் வீட்டுக் கணக்கு பற்றி வகுப்பு எடுக்கக் கேட்டார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு நிரல் போட்ட தாள் ஒன்றைத் தயாரித்து, பிரதி எடுத்து, எல்லோருக்கும் கொடுத்தேன். அடுத்த வாரம், திருகோணமலையின் மீனவர் பகுதியான திருக்கடலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண் தாளை மடிப்புக் குலையாமல் திருப்பித் தந்தார். “சேர், கடல் எங்களுக்கு மாதச் சம்பளமா தருகிறது?” என்றார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, தன்னுடைய கொப்பியை எடுத்துக் காட்டினார்.

அந்தக் கொப்பியில் ஜனவரி கிடையாது. அது பங்குனியில், கடல் இறங்கும்போது தொடங்குகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. மீன் விற்றது எவ்வளவு, மண்ணெண்ணெய் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. மிச்சத்தை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, கடலுக்குப் போன இருவருக்கும் ஒவ்வொரு பங்கு. மீனவர் தங்கித் தொழில் செய்யும் ஒவ்வொரு வாடியிலும் பிரிப்பு வேறுபடும். கடலுக்குப் போகாத நாளிலும் வரி இருக்கிறது. ‘காற்று’ என்று ஒரே சொல், எதிரே ஒரு சுழியம். வாடைக் காற்று தொடங்கி மாரி வந்ததும் ஒரு கோடு இழுக்கிறார். கோட்டுக்குக் கீழே இன்னொரு பட்டியல்: சங்கிலி, கார்த்திகையில் வைத்தது, காப்பு, மார்கழியில் வைத்தது. அடுத்த பங்குனிக்குப் பிறகு அதே வரிகளின் ஓரத்தில் ‘மீட்டது’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. நகையை அடகு வைப்பதைத் தோல்வியாக நினைக்கும் உத்தியோகக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்த வீட்டிலோ அது வருடாந்த ஏற்பாடு. கடல் தந்த மாதங்கள் கடல் தராத மாதங்களுக்குச் சோறு போடும் வழி அது.

2022இன் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஒரு நாளைக்கு 25 லீற்றர் என்று வையுங்கள். 2,175 ரூபாவாக இருந்த எரிபொருள் செலவு 8,500 ஆகிவிட்டது. போகும் தூரம் அதே தூரம், வலை அதே வலை. 87 ரூபா விலை இருந்தபோது வரிசையில் நின்றும் எண்ணெய் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. அந்தப் பக்கத்தில் ‘காற்று’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘எண்ணெய் இல்லை’ என்று வரிசையாக எழுதியிருந்தார்.

அன்று முதல் எந்த வீட்டுக் கணக்கைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இந்த வீட்டுக்குப் பணம் எந்த இடைவெளியில் வருகிறது என்பதைத்தான். கடைகளில் விற்கும் கணக்குப் புத்தகங்களும் கைத்தொலைபேசிச் செயலிகளும் உலகத்தில் எல்லோருக்கும் இருபத்தைந்தாம் திகதி சம்பளம் வருகிறது என்று நம்பிக்கொண்டிருக்கின்றன.

தம்பலகாமத்துக்குப் போய்ப் பாருங்கள். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயல்கள். அங்கே வருடத்துக்கு இரண்டே ‘மாதங்கள்’: பெரும்போகம், சிறுபோகம். விதைநெல், உரம், உழவு, வெட்டுக் கூலி என்று பணம் முதலில் வெளியே போகிறது. பல மாதம் கழித்துத்தான் மூடைகளாகத் திரும்பி வருகிறது. நடுவில் சீனிக்கும் பருப்புக்கும் கடைக் கொப்பிதான். கடைக்காரரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. சிறு பிள்ளை கொப்பியோடு போய்ச் சாமானோடு வரும். இரண்டிலும் ஒரே தொகை விழுந்திருக்க வேண்டும். நான் வகுப்பில் படாதபாடுபட்டு விளக்கிய ஒத்துப்பார்த்தலை அந்தப் பிள்ளை நாள்தோறும் செய்துகொண்டிருந்தது, அதன் பெயர் தெரியாமல்.

இடைவெளி பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை வாரக் கடன்களில் பார்த்தோம். போகத்துக்கு ஒருமுறை பணம் பார்க்கும் வீட்டுக்கு, வாரம் தவறாமல் கட்ட வேண்டிய கடன். ஐம்பதாயிரம் ரூபா வாங்கி, வாரம் 1,200 வீதம் 52 வாரம் கட்டுவதாக ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 62,400. அதாவது 12,400 ரூபா வட்டி, கிட்டத்தட்ட 25 வீதம் என்றுதான் தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே நீங்கள் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முழு ஐம்பதாயிரம் உங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு வாரம். குறைந்துவரும் மீதிக்குப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு 45 வீதத்தைத் தொடுகிறது. வாரத் தவணையைப் பதியும் அட்டையில் இந்த எண்ணை எங்கும் காண முடியாது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய நுண்கடன்களை அரசாங்கமே தலையிட்டுத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. வாரக் கடன் வைத்திருக்கும் சகோதரிகள் எவரும் அட்டையோடு யாராவது ஓர் உயர்தர வகுப்புப் பிள்ளையிடம் போங்கள். பத்து நிமிட வேலை.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்துப் பெண்கள் மாதம் ஐயாயிரம் போட்டால், மாதம் ஒருவருக்கு ஐம்பதாயிரம். பிடிக்கிறவர் நம்பிக்கையானவராக இல்லாவிட்டால் எல்லாம் போகும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு பெண் சொன்னார்: “வீட்டில் பணம் இருந்தால் எல்லோருக்கும் தேவை வரும், சேர். சீட்டில் இருந்தால் யாருக்கும் வராது.” பிடியரிசிப் பானைக்கும் இதே தர்க்கம்தான். உலையில் போடும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டுவிட்டால், அது இல்லாத அரிசி.

மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடித உறை, எக்செல் அட்டவணை, செயலி, எது வேண்டுமானாலும் அவர்களுக்குப் பொருந்தும். என் மருமகன் எக்செலில் வட்ட வரைபடம்கூடப் போடுகிறார். பார்க்க அழகாக இருக்கிறது.

ஆனால் 2022 அந்த அட்டவணைகளையும் குழப்பிவிட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். போன வருடத்து ரூபாவையும் இந்த வருடத்து ரூபாவையும் ஒரே நிரலில் கூட்டுவது, முழத்தையும் கஜத்தையும் கூட்டுவது போல ஆகிவிட்டது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு வந்து நின்றது. அப்போது என் மனைவி ரூபாவை விட்டுவிட்டார். சிலிண்டர் மாற்றிய திகதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, அது எத்தனை நாள் வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். முதல் சிலிண்டர் 41 நாள். பருப்பை ஊறவைத்து, மாலைத் தேநீரைச் சுடுநீர்ப் போத்தலில் ஊற்றிவைத்து, அடுத்ததை 58 நாளுக்குக் கொண்டுபோனார். விலை ஏறினாலும் இறங்கினாலும் நாளின் நீளம் மாறுவதில்லை. அப்படி ஓர் அளவுகோலை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

இந்தப் பேச்சுக்குத் தயாராவதற்காக நேற்றிரவு, அனுமதி பெற்று, அந்த மூன்று பேணிகளையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் கடைக்குரிய பணம். ஒன்றில் மின்சாரமும் தண்ணீரும். மூன்றாவதில் நல்லது கெட்டதுக்கான பணம்; அதன் மேல் பழைய நாட்காட்டித் தாளில் கிழித்த ஒரு துண்டு. மனைவியின் கையெழுத்தில் இரண்டே வரி: ‘மூன்றாம் திகதி, சேருக்குக் கைமாற்று 500. கேட்காமல் எடுத்தது.’

ஒலிப்பதிவு முடிந்ததும் வங்கி இயந்திரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. வணக்கம்.