அளந்து போட ஒரு பம்ப்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வந்ததிலிருந்து என் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கும் செயலாளர் அவர்களே, டீன் அம்மா அவர்களே, எனக்கு மருந்து கலக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூத்த சிஸ்டர் அவர்களே (உங்களை மேடையேற்றாதது என் குற்றமில்லை), அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. புழுக்கம் தாங்காமல் மடித்து வைத்திருக்கிறேன், தலைவர் மன்னிக்க வேண்டும்.

விழுந்த பிரஷரை ஏற்றும் மருந்துகளைப் பற்றி மூன்று விஷயம் பேசப் போகிறேன். டோபமினா, நார்அட்ரினலினா? வாசோபிரசின் எதற்கு? மூன்றாவது, அட்ரினலின்.

ஷாக் என்றால் கரண்ட் ஷாக் இல்லை. பிரஷர் விழுந்து, மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் போய்ச் சேராத நிலை. சலைன் ஏற்றியும் பிரஷர் ஏறாவிட்டால், எங்கள் காலத்தில் கை முதலில் டோபமினுக்குத்தான் போகும். 2010-ல் வெளியான ஆய்வில் பெல்ஜியம், ஆஸ்திரியா, ஸ்பெயின் ஐசியு-களில் 1,679 பேருக்கு டோபமின், நார்அட்ரினலின் இரண்டில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 28 நாளில் டோபமினில் 52.5 சதவீதம் பேர் இறந்தார்கள், நார்அட்ரினலினில் 48.5. தற்செயலாகவும் வரக்கூடிய இடைவெளிதான். ஆனால் துடிப்பு தாறுமாறானது டோபமினில் 24.1 சதவீதம், மற்றதில் 12.4. இதயமே பழுதாகி ஷாக்கில் வந்தவர்களில் டோபமின் வாங்கியவர்கள் அதிகமாக இறந்தார்கள். செப்சிஸ் ஷாக்கில், அதாவது கிருமித் தொற்று முற்றி பிரஷர் விழுந்தால், இன்று நார்அட்ரினலின்தான் முதல், சராசரி பிரஷர் 65 இலக்கு.

சரி, மருந்து தெரிந்துவிட்டது. எதில் ஓட்டுவது? "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பாள் என் பாட்டி.

நான் பயிற்சி முடித்த புதிது. நைட் டூட்டி. காலில் முள் குத்திப் புண் சீழ்பிடித்து, பிரஷர் விழுந்து வந்தார் ஒரு விவசாயி. மருந்தை அளந்து செலுத்தும் பம்ப் கிடையாது. டிரிப் பாட்டிலில் டோபமின் கலந்து, வாட்சைப் பார்த்துச் சொட்டு எண்ணி, "12 சொட்டு" என்று பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிட்டு கேஷுவல்டிக்குப் போனேன். அந்நேரம் பார்த்து ஊரிலிருந்து அவர் மச்சான் வந்திறங்கினார். பாட்டிலை அண்ணாந்து பார்த்தார். "என்னம்மா, இம்புட்டுக் கருமித்தனமா சொட்டுது?" சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளையை முழுக்கத் திறந்துவிட்டார்! நான் ஓடி வந்தபோது நாடி எண்ண முடியவில்லை. மச்சானோ வேட்டியை மடித்துக் கட்டி, "நான்தான் டாக்டர் வேகமா விட்டேன், விடியறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்கிறார். உருளையை மூடினோம். டோபமின் சில நிமிடத்தில் இறங்கிவிடும் மருந்து, பிழைத்தார். அடுத்த பொங்கலுக்கு மச்சானே ஒரு கட்டுக் கரும்போடு வந்தார்.

எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. யார் கைக்கும் எட்டும்படி உருளையைத் தொங்கவிட்டது நாம்தானே? ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும், ரத்தத்தில் அளக்காமல் போடலாமா? ஆகவே தாலுகா ஆஸ்பத்திரிதோறும் சிரிஞ்ச் பம்ப், அதற்கு பேட்டரி, பக்கத்தில் நிற்க ஒரு சிஸ்டர். இதைத்தான் நாலு வருஷமாகக் கேட்கிறேன்.

வாசோபிரசின்... 2008-ல் 778 பேரிடம் பார்த்தார்கள், இறப்பு குறைந்ததாக நிரூபணமாகவில்லை. நார்அட்ரினலின் தேவை குறைகிறது, அதனால் கூடச் சேர்க்கிறோம். அட்ரினலின்... செயலாளர் மணி அடித்துவிட்டார்.

வாசலில் டீ மேஜைக்கு முன்னால் பம்ப் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வடை எடுங்கள். டீன் அம்மா, முதல் வரி உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.