கைவேகமா, ஆயத்தமா?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெற்றோரே, பிள்ளைகளே, வணக்கம்.

வீட்டுக் கன்சோலில் கற்பனை உலகப் போர் விளையாட்டை வெல்வது கைவேகத்தாலா, ஆயத்தத்தாலா? ஆயத்தத்தால்தான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் எல்டன் ரிங் என்ற விளையாட்டையும், அதில் முதலில் வழிமறிக்கும் பெரிய எதிரியான மார்கிட்டையும் எடுத்துக்கொண்டார். “மார்கிட் தடியை ஓங்கினால் இமைக்கவும் நேரமில்லை, விரல் பறக்க வேண்டும்” என்றார். நல்லது, அந்த மார்கிட்டிடமே போவோம்.

அந்தத் தடியை உற்றுப் பாருங்கள். ஓங்குகிறான். ஓங்கியபடியே நிற்கிறான். பிறகுதான் இறக்குகிறான். விரல் பறக்கிறவர் தடி மேலே போனதுமே, அடிக்குத் தப்ப உருண்டுவிடுகிறார். அவர் எழும்பும் நேரத்தில் அடி விழுகிறது. அவசரக்காரரைப் பிடிக்கவே அமைத்த அசைவு அது!

இன்னொன்று. பிளேஸ்டேஷனில் வட்டப் பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் உருளாது, விட்டதும்தான் உருளும். அதே பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓட்டம் என்பதால் இந்த ஏற்பாடு. பதற்றத்தில் இறுக்கி அழுத்துகிறவருக்கு உருளல் பிந்தியே வரும். தட்டிவிட்டு விரலை எடுக்க வேண்டும்.

“என் பிள்ளைக்குக் கை மந்தம்” என்று நினைக்கும் பெற்றோர் முதலில் டீவியைப் பாருங்கள். படம் பார்க்கும் அமைப்பில் டீவி ஒவ்வொரு காட்சியையும் மெருகேற்றிவிட்டே காட்டும். பல டீவிகளில் அந்தத் தாமதம் 100 மில்லி செக்கனை எட்டும். செக்கனுக்கு 60 சட்டகம், அதாவது 60 படம், ஓடும்போது அது 6 சட்டகம். டீவியில் விளையாட்டுக்கென்றே இருக்கும் கேம் மோட் அமைப்பைப் போட்டால் பெரும்பகுதி போய்விடும். எத்தனையோ பிள்ளைகள் டீவியின் குற்றத்துக்குத் தங்கள் விரலை நொந்துகொள்கிறார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம், எதிரணி தொடாமல் விட்டது இதைத்தான். எல்டன் ரிங்கில் உயிரின் அளவைக் கூட்டும் பண்பு விகர். விகர் 10 இல் உயிர் 414. 25 இல் 800. 40 இல் 1450. 60 இல் 1900. அதற்குமேல் 99 வரை 39 புள்ளிகளைக் கொட்டினாலும் வெறும் 200தான் கூடும். ஆகவே 40 வரை தாராளமாகப் போடலாம், 60உடன் நிறுத்திவிடலாம். புதியவர்களில் பலர், எதிரிகளை வீழ்த்திச் சேர்க்கும் ரூன் என்ற விளையாட்டுப் பணத்தை எல்லாம் வாள் வலுவில் போட்டுவிட்டு, இரண்டே அடியில் விழுந்து, கையைக் குறை சொல்கிறார்கள்.

வாளுக்கு வலு வரும் இடம் வேறு. தொடக்கத்திலேயே வரும் எல்லே தேவாலயத்தில் ஆயுதத்தை மேம்படுத்தும் பட்டறை மேசை இருக்கிறது. முதல் தரப் பட்டறைக்கல் 2, பிறகு 4, பிறகு 6, ஆக 12 கல் இருந்தால் சாதாரண வாளொன்று மூன்று படி உயர்ந்து +3 ஆகும்; அடிப்படைத் தாக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடும். தொடக்க நிலப்பகுதியான லிம்கிரேவின் சுரங்கத்தில் அந்தக் கல் கிடைக்கும். கவசத்தின் பாரத்தையும் பாருங்கள். தாங்கும் எடையில் 70 வீதத்தைத் தொட்டால் உருளல் மூட்டை விழுவது போலாகிவிடும்; தலைக்கவசத்தைக் கழற்றினாலே சிலவேளை போதும். மார்கிட்டைக் கட்டிப்போடவென்றே ஒரு கைவிலங்கும் உண்டு: மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்ற பாத்திரம் அதை 5,000 ரூனுக்கு விற்கிறான். சண்டையின் முதல் பாதியில் அது அவனை இரண்டு தடவை தரையோடு கட்டிப்போடும்.

நம் ஊருக்கும் வருவோம். எல்டன் ரிங் வெளிவந்தது 2022 பெப்ரவரி 25. அடுத்த மாதக் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. இந்த விளையாட்டில் இடைநிறுத்தம் கிடையாது, நீங்கள் எட்டிய இடத்தைச் சேமிப்பாகத் தானே எழுதிக்கொண்டிருக்கும். எழுதும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் சேமிப்பு பழுதாகலாம். கன்சோலையும் டீவியையும் ஒரு யுபிஎஸ்ஸில் போடுங்கள். அது தரும் சில நிமிடத்தில் சண்டையை முடிக்க ஆசைப்படாமல், மெனுவுக்குப் போய் முறையாக வெளியேறி, அதன்பின் கன்சோலை நிறுத்துங்கள். பிஎஸ்4 விளையாட்டின் சேமிப்பை யூஎஸ்பியில் பிரதி எடுக்கலாம். பிஎஸ்5 விளையாட்டுக்கு அந்த வசதி இல்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவோடு வரும் கிளவுட், அதாவது இணையச் சேமிப்பு, மட்டுமே. 60 மணித்தியால உழைப்பு அழிந்தால் எந்த விரல் அதை மீட்கும்?

“எல்லாம் சரி, கடைசியில் அடிப்பது விரல்தானே” என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். மார்கிட்டின் தடி தரையில் விழுந்ததும் ஓர் அடி அடிக்கலாம், மிஞ்சினால் இரண்டு. மூன்றாவதுக்கு ஆசைப்படும்போதுதான் பெரும்பாலானோர் சாகிறார்கள். அந்த மூன்றாவது அடியை அடிக்காமல் விலகி நிற்க என்ன கைவேகம் வேண்டும், நடுவர் அவர்களே?